கறுத்த எஞ்சின் ஆயில்: கிருஷ்ணகிரி, தருமபுரி லாரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையிலிருந்து வரும் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் சேலத்திலிருந்து வரும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் சேர்கின்றன. அந்தச் சந்திப்பைச் சுற்றியும் அங்கிருந்து தருமபுரி வரையிலும் உள்ள பட்டறைகளில், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து முகம் சுளிக்காத ஓனரைப் பார்ப்பது அரிது. டிப்பர் வைத்திருப்பவர்கள், மாம்பழ லோடு அடிப்பவர்கள், ஓசூர் கம்பெனிகளுக்கு வண்டி விட்டிருப்பவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆயிலின் நிறத்தைப் பார்த்துப் பயந்து நல்ல ஆயிலைக் கொட்டுகிறோம். எஞ்சினை உண்மையில் தின்னும் தூசியையும் தண்ணீரையும் டீசல் கலப்பையும் கவனிக்காமல் விடுகிறோம். இந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நேற்றுதான் ஆயில் மாற்றினேன். இன்று காலை பார்த்தால் மை மாதிரி இருக்கிறது. பட்டறையில் பழைய ஆயிலையே ஊற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. ட்ரெயின் நட்டைக் கழற்றி எவ்வளவு நேரம் விட்டாலும் ஆயில் முழுவதும் வடியாது. ஆயில் கூலரிலும், எஞ்சின் பிளாக்குக்குள் ஓடும் குழாய்களிலும், டர்போவிலும், ஹெட்டின் மூலைகளிலும் ஒரு பங்கு தங்கிவிடும். அதில் நிறையக் கரி இருக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் அது புது ஆயிலோடு கலக்கும். அதோடு புது ஆயிலில் உள்ள டிடர்ஜென்ட் என்ற அழுக்கு நீக்கும் மருந்து, ரிங் பள்ளத்திலும் பிஸ்டனிலும் ஒட்டியிருந்த பழைய கரியைக் கரைத்து எடுக்க ஆரம்பிக்கும். ஓடிய டீசல் எஞ்சினில் முதல் அரை மணி நேரத்திலேயே ஆயில் கறுப்பது சாதாரணம்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை கேனை நீங்களே வாங்கி, உங்கள் கண்ணெதிரே சீல் உடைத்து ஊற்றச் சொல்லுங்கள். அப்போதும் மறுநாள் கறுத்திருக்கும். மெக்கானிக்கின் மேல் இருந்த சந்தேகமாவது போகும்.

அந்தக் கரி எங்கிருந்து வருகிறது?

சிலிண்டருக்குள் டீசல் பொடிப்பொடித் துளிகளாகப் பீச்சப்படுகிறது. ஒவ்வொரு துளியின் ஓரமும் காற்றோடு சேர்ந்து நன்றாக எரியும். நடுப்பகுதிக்கு அந்த நொடியில் போதிய காற்று கிடைக்காது, அது அரைகுறையாக எரிந்து கரியாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை) சுவரில் உள்ள ஆயில் படலத்தில் ஒட்டும். இன்னும் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயில் தேங்கும் சம்ப்புக்கு வரும். பட்டறையில் "பேக் கம்ப்ரஷன்" என்று சொல்கிறார்களே, அதுதான் இந்தப் பாதை. புது எஞ்சினிலும் சிறிது இருக்கும். ரிங் தேய்ந்தால் கூடும்.

புகையில் ஒரு பகுதியைத் திரும்ப சிலிண்டருக்கே அனுப்பும் இஜிஆர் அமைப்பு உள்ள வண்டிகளில் கரி இன்னும் அதிகம். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்காக எரியும் வெப்பத்தை அது தணிக்கிறது, அதற்குக் கொடுக்கும் விலைதான் இந்தக் கூடுதல் கரி. பெட்ரோல் வண்டியின் ஆயில் நெடுநாள் தேன் நிறத்தில் இருப்பதோடு டீசல் லாரியை ஒப்பிடக் கூடாது என்பதற்குக் காரணமும் அந்த அரைகுறை எரிப்புதான். அங்கே பெட்ரோலும் காற்றும் பெரும்பாலும் முன்பே நன்றாகக் கலந்துதான் எரிகின்றன.

அப்படியானால் கறுத்த ஆயில் நல்ல ஆயிலா?

கறுத்திருப்பதால் மட்டும் கெட்டதாகிவிடாது. கரித்துகள் பிறக்கும்போது மிக மிகச் சிறியது, சில பத்து நானோமீட்டர் அளவே. ஆயிலில் சேர்க்கப்படும் டிஸ்பர்சன்ட் என்ற வேதிப்பொருள் ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகச் சூழ்ந்துகொண்டு, ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் மிதக்க வைக்கிறது. அப்படி மிதக்கும் வரை கரியால் பெரிய தொல்லை இல்லை. கறுத்திருக்கிறது என்றால் கரி எஞ்சின் சுவரில் படியாமல் ஆயிலில் இருக்கிறது என்று பொருள். நெடுநாள் ஓடியும் கறுக்காத ஆயிலைப் பார்த்தால்தான் நான் யோசிப்பேன்.

டிஸ்பர்சன்ட் தீர்ந்துபோகும்போதுதான் சிக்கல். துகள்கள் கூடிக் கட்டியாகும், ஆயில் தடிக்கும். குளிர்ந்த எஞ்சினில் மேலே வால்வுகளை இயக்கும் ராக்கர் வரை ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். கட்டியான கரி கேம், டாப்பெட், ராக்கர் போன்ற இடங்களில் மெல்லிய ஆயில் படலத்தைக் கடந்து உலோகத்தை உரசும். பில்டர் அடைத்து, அதைச் சுற்றி ஆயிலை விடும் பைபாஸ் வால்வு திறந்துகொண்டால், வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குக்குப் போகும். இந்த நிலைக்கு முன்பும் ஆயில் கறுப்பு, பின்பும் அதே கறுப்பு. கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது.

நிறத்தை நம்பக் கூடாதென்றால் டிப்ஸ்டிக்கில் எதைப் பார்ப்பது?

கறுப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். ஆயில் கூலர், ஹெட் கேஸ்கட், லைனரின் அடியில் உள்ள ரப்பர் ரிங் என்று மூன்று இடங்களைச் சந்தேகப்படலாம். நம் ஊரில் நான்காவதாக ஒன்றும் உண்டு. கூலன்ட் வாங்காமல் ரேடியேட்டருக்கு போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டும் பழக்கம். லாரி எஞ்சின்களில் பெரும்பாலும் வெட் லைனர், அதாவது லைனரின் வெளிப்பக்கத்தைத் தண்ணீர் நேராகத் தொடும். எஞ்சின் அதிரும்போது லைனரை ஒட்டி நுண்ணிய நீராவிக் குமிழிகள் உண்டாகி உடைந்து, உலோகத்தைப் புள்ளிபுள்ளியாக அரிக்கும். சரியான கூலன்ட்டில் உள்ள மருந்து அதைத் தடுக்கிறது. வெறும் தண்ணீரில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து உப்புக் கலந்த கடினத் தண்ணீரில் உப்புப் படிவதும் சேர்ந்துகொள்ளும். ஒருநாள் லைனரில் ஊசி முனை அளவு ஓட்டை விழும். கூலன்ட்டுக்கு மிச்சம் பிடித்த பணம் எஞ்சின் வேலையில் பல மடங்காகப் போய்விடும்.

ஆயில் அளவு தானாக உயர்ந்தால் டீசலோ கூலன்ட்டோ சேர்கிறது. விரலில் தேய்த்தால் தண்ணீராக வழுக்கி, டீசல் வாசம் தூக்கலாக வந்தால் இன்ஜெக்டரைப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடிக்கும்போது மினுமினுப்புத் தெரிந்தால் உலோகம் தேய்கிறது. தார் மாதிரி திரண்டு டிப்ஸ்டிக்கிலிருந்து வடியவே மறுத்தால், முன்பு சொன்ன டிஸ்பர்சன்ட் தீர்ந்த நிலையைத் தாண்டியாயிற்று.

குவாரியில் டிப்பர் ஓட்டுகிறேன். மற்ற வண்டிகளைவிட சீக்கிரம் ஆயில் மாற்ற வேண்டுமா?

ஆமாம். ஆனால் ஆயிலைவிட முதலில் பார்க்க வேண்டியது ஏர் பில்டர். இந்த மாவட்டங்களில் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வது இதைத்தான்.

கிருஷ்ணகிரி கிரானைட் பூமி. கிரஷர்கள், ஜல்லி, எம்-சாண்ட் என்று எங்கே போனாலும் கல் தூசி. கிரானைட்டில் குவார்ட்ஸ் உண்டு. மோஸ் அளவில் அதன் கடினம் 7, கண்ணாடியைக் கீறிவிடும். அந்தத் தூசி காற்றோடு சிலிண்டருக்குள் போனால் ரிங்கையும் லைனரையும் சாணை பிடிப்பதுபோல் தேய்க்கும். பிறகு ஆயிலில் கலந்து பேரிங் வரை போகும். கரி மெதுவாகத் தொல்லை கொடுப்பது. கல் தூசிக்குக் கொஞ்ச நாளே போதும். கொடுமை என்னவென்றால் கறுத்த ஆயிலுக்குள் தூசி இருப்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. "ஆயில் வழக்கம்போலக் கறுப்பாகத்தான் இருந்தது, எப்படி எஞ்சின் புகை கக்குது?" என்று கேட்பவர்களின் வண்டியில் நான் முதலில் ஏர் பில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றச் சொல்வேன். உள்ளே விரல் விட்டுத் தடவினால் மாவு மாதிரி தூசி ஒட்டக் கூடாது. ஒட்டினால் கிளாம்ப் தளர்ந்திருக்கும், ஹோஸ் வெடித்திருக்கும், அல்லது பில்டர் உட்காரும் ரப்பர் விளிம்பு சரியாக அமரவில்லை.

இன்னொன்று. ஏர் பில்டரைத் தினமும் கழற்றி டயரில் தட்டுவதும், கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடிப்பதும் அதைக் கொல்லும் வேலை. காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், மடிப்பு விரியும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கொஞ்சம் தூசி சுத்தமான பக்கம் விழும். அடைப்புக் காட்டி சிவப்பைக் காட்டும்போது பில்டரை மாற்றுங்கள். அதுவரை தொடாதீர்கள். உள்ளே இருக்கும் சிறிய இரண்டாவது பில்டரைத் தூசி தட்டிப் போடவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

நான் தினமும் ஓட்டும் தூரம் ரொம்பக் குறைவு. அப்படியும் ஆயில் சீக்கிரம் கெடுமா?

கெடும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் கணக்கு ஏறும். கிரஷரில் லோடுக்கு நிற்கும்போதும், சீசனில் மாங்கூழ் ஆலை வாசலில் வரிசை நகரும்போதும், ஓசூர் சிப்காட் கேட்டில் காத்திருக்கும்போதும் எஞ்சினை அணைக்காமல் விடுகிறோம். ஐடிலில் சிலிண்டர் போதிய சூடு ஏறாது. டீசல் சரியாக எரியாமல் சுவர் வழியே சம்ப்புக்கு இறங்கும், கரியும் கூடும். ஒரு மணி நேர ஐடிலை சுமார் 40 முதல் 50 கிலோமீட்டர் ஓட்டமாக எண்ணிக்கொள்ளலாம். மீட்டர் காட்டும் தூரத்தோடு இதையும் கூட்டிப் பார்த்தால் சில டிப்பர்களில் கணக்கு இரட்டிப்பாகும். ஹவர் மீட்டர் உள்ள வண்டியில் மணிக்கணக்கை வைத்தே ஆயில் மாற்றுவது நல்லது.

சரி, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

ஒரே எண் கிடையாது. அப்படிச் சொல்பவர் உங்கள் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. எஞ்சின், சம்ப் அளவு, ஆயில் தரம், பாரம், பாதை எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயம் இது. வண்டியோடு வந்த புத்தகத்தில் நீண்ட தூர ஓட்டத்துக்கு ஒன்று, டிப்பர் போன்ற கடின வேலைக்கு ஒன்று என இரண்டு இடைவெளிகள் இருக்கும். பெங்களூருக்கும் சேலத்துக்கும் நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு முதலாவது. குவாரி, மண், மணல், ஊருக்குள் நின்று நின்று ஓடுவதற்கு இரண்டாவது. நம் ஆட்களில் பாதிப்பேர் இரண்டாவது வகையில் இருந்துகொண்டு முதலாவது எண்ணைப் பின்பற்றுகிறார்கள். நெடுஞ்சாலையில் மட்டும் ஓடுபவர்களோ நிறத்தைப் பார்த்துப் பயந்து பாதி தூரத்திலேயே மாற்றி, நல்ல ஆயிலை வீணாக்குகிறார்கள்.

ஓட்டம் குறைவாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றிவிடுங்கள்.

பிஎஸ்-6 வண்டிக்கு பழைய வண்டியின் ஆயிலையே ஊற்றலாமா? விலை குறைவாக இருக்கிறதே.

கூடாது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையான பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டியே அவ்வப்போது எரித்துவிடும். ஆனால் ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து விட்டுச்செல்லும் சாம்பல் எரியாது. அது டிபிஎஃப்பிலேயே தங்கி அடைக்கும். அதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில். கேனில் ஏபிஐ சிகே-4 என்று போட்டிருக்கும் ஆயில் தரத்தில் சல்பேட்டட் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய சிஐ-4 வகை ஆயிலில் அது கூடுதலாக இருக்கலாம். கேனில் மிச்சமாகும் சில நூறு ரூபாயை டிபிஎஃப் மொத்தமாக வாங்கிவிடும்.

பழைய வகை ஆயிலில் அந்த உலோகச் சேர்மங்கள் அவ்வளவு ஏன் இருந்தன என்றால் டீசலில் கந்தகம் இருந்தது. பிஎஸ்-3 டீசலில் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு), பிஎஸ்-4-இல் 50, பிஎஸ்-6-இல் 10. கந்தகம் எரிந்து அமிலமாகும், அதை அடக்கக் காரத்தன்மை அதிகமுள்ள ஆயில் வேண்டியிருந்தது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 10 பிபிஎம் டீசல்தான் என்பதால் பழைய வண்டிக்கு சிகே-4 ஊற்றுவதில் பெரும்பாலும் தடையில்லை, புத்தகத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தலைகீழாகச் செய்வதுதான் ஆபத்து.

பிஎஸ்-6 வண்டியில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது. ஏன்?

டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிக்க வெப்பம் வேண்டும். சில எஞ்சின்கள் அதற்காகச் சிலிண்டருக்குள் தாமதமாகக் கொஞ்சம் டீசலைப் பீச்சுகின்றன. அதில் ஒரு பகுதி சுவர் வழியாக ஆயிலுக்குள் இறங்கிவிடும். நீண்ட ஓட்டத்தில் ஆயில் சூடேறி அது ஆவியாகும். குறுகிய டிரிப்பாக ஓட்டி, எரிப்பு நடக்கும்போதே எஞ்சினை அணைத்துவிட்டால் திரும்பத் திரும்ப டீசல் சேர்ந்துகொண்டே இருக்கும். டாஷ்போர்டில் ரீஜெனரேஷன் (கரி எரிப்பு) விளக்கு எரியும்போது அணைக்காதீர்கள், முடியும்வரை ஓட்டுங்கள். மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் வடித்துவிட்டு ஆயில் மாற்றுங்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தாங்காது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஏதாவது உண்டா?

இரண்டு உண்டு. எஞ்சின் சூடாக இருக்கும்போது டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை பிளாட்டிங் பேப்பரிலோ காபி வடிகட்டும் தாளிலோ விட்டு, தாளின் அடிப்பக்கம் எதிலும் படாமல் சில மணி நேரம் வையுங்கள். கறுப்பு மெல்ல மெல்ல வெளுத்து ஓரம் வரை பரவியிருந்தால் டிஸ்பர்சன்ட் இன்னும் வேலை செய்கிறது. நடுவில் அடர்ந்த கறுப்பு வட்டம் கூர்மையான விளிம்போடு நின்று, சுற்றிலும் வெறும் எண்ணெய் மட்டும் பரவியிருந்தால் கரி கட்டியாகிவிட்டது, மாற்றுங்கள். புது ஆயில் ஊற்றிய நாளிலிருந்து மாதம் ஒரு சொட்டு வைத்து, தாளில் தேதி எழுதிச் சேர்த்துவைத்தால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். தனி ஒரு சொட்டைப் பார்த்து முடிவுக்கு வருவது கடினம்.

இரண்டாவது, தண்ணீர் சோதனை. சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. கண்ணை விலக்கி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

லேப் சோதனைக்கு அனுப்புவது பணத்துக்குத் தகுமா?

ஒரே வண்டி, வழக்கமான இடைவெளி என்றால் அவசியமில்லை. பல வண்டிகள் ஒரே வேலையில் ஓடுகின்றன என்றால் கட்டாயம் தகும். ஒரு வண்டியின் முடிவை வைத்து மற்ற வண்டிகளின் இடைவெளியையும் திட்டமிடலாம்.

அறிக்கையில் முதலில் சிலிக்கான் பாருங்கள், அது தூசியின் அடையாளம். சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து ஏறினால் ஏர் பில்டர் வழியாகத் தூசி நுழைந்து லைனரைத் தேய்க்கிறது. செம்பும் ஈயமும் ஏறினால் பேரிங். அலுமினியம் என்றால் பிஸ்டன். சோடியம் அல்லது பொட்டாசியம் தெரிந்தால் கூலன்ட் கசிகிறது, காபி நிறம் தெரிவதற்கு முன்பே இது காட்டிக்கொடுக்கும். கரி எடையில் 3 சதவீதத்தை நெருங்கினால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். 15டபிள்யூ-40 கிரேடு ஆயிலின் பாகுநிலை (தடிப்பின் அளவு) 100 டிகிரி வெப்பத்தில் 12.5-க்கும் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்கும் இடையே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கரியால் தடித்திருக்கிறது, கீழே போனால் டீசலால் நீர்த்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து நடந்தால் எண் நடுவிலேயே நின்று ஏமாற்றும், அதனால் டீசல் கலப்பு எவ்வளவு என்ற வரியையும் பார்க்க வேண்டும்.

மாதிரியை ஓடி நின்ற சூட்டோடு எடுங்கள். ட்ரெயின் நட்டிலிருந்து முதலில் விழும் அழுக்கையும் கடைசிச் சொட்டுகளையும் விட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள்.

ஆயில் பில்டரை ஒன்று விட்டு ஒரு முறை மாற்றினால் போதாதா?

போதாது. வழக்கமான பில்டர் பிடிப்பது பெரிய துகள்களைத்தான். தனித்தனியாக மிதக்கும் கரி அதன் வழியாகத் தாராளமாகப் போய்வரும், ஆகவே பில்டர் மாற்றினால் ஆயில் வெளுக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். சில லாரி எஞ்சின்களில் சுழலும் சென்ட்ரிபியூகல் பில்டர் கூடுதலாக இருக்கும். அதைத் திறந்தால் உட்சுவரில் கரி ரப்பர் மாதிரி கெட்டியாகப் படிந்திருக்கும். அதை ஒவ்வொரு முறையும் சுரண்டிச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் நேரமாகிறது என்று திறக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி எஞ்சினை அலசினால் கரி போய்விடுமே?

செய்யாதீர்கள். டீசலை மட்டும் வைத்து எஞ்சின் ஓடும் அந்தச் சில நிமிடங்களில் பேரிங்குக்கு ஆயில் படலமே இல்லை. அலசியது முழுவதும் வடியாமல் உள்ளே தங்கி, புது ஆயிலையும் நீர்க்கச் செய்யும். படிந்த கரி பெரிய துண்டாகப் பெயர்ந்து ஆயில் பம்ப்பின் உறிஞ்சும் வலையை அடைக்கவும் கூடும். உள்ளே நிறையப் படிந்திருக்கிறது என்று தெரிந்தால், நல்ல ஆயிலை ஊற்றி இரண்டு முறை பாதி இடைவெளியில் மாற்றுங்கள். டிடர்ஜென்ட் மெதுவாகச் சுத்தம் செய்துவிடும்.

ஆயிலில் கலக்கும் டானிக் பாட்டில்கள்?

வேண்டாம். நல்ல ஆயிலில் தேவையான மருந்து சரியான விகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

ஓசூர், தளி பக்கம் மார்கழியில் குளிர் கடுமை. ஆயில் கிரேடு மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. 15டபிள்யூ ஆயில் மைனஸ் 20 டிகிரியில் எஞ்சினைச் சுழற்ற முடிகிறதா என்று சோதிக்கப்பட்டு வருகிறது. நம் குளிர் அதன் பக்கத்தில்கூட வராது. ஸ்டார்ட் செய்தவுடன் மிதிக்காமல், ஆயில் பிரஷர் ஏறியபின் மெதுவாக நகர்ந்தால் போதும்.

தொப்பூர் மேடு ஏறும்போது கறுப்புப் புகை வருகிறது. அதற்கும் ஆயில் கறுப்பதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம் உண்டு. சைலன்சரில் கறுப்பாக வருவதன் ஒரு பங்குதான் கீழே ஆயிலுக்கும் போகிறது. சேலம் பக்கமிருந்து தருமபுரிக்கு ஏறும்போது கியர் இறக்காமல் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டே இழுத்தால், டீசல் கூடுதலாகவும் காற்று குறைவாகவும் போய்க் கரி கொட்டும். கியரை முன்பே இறக்கி எஞ்சினை அதன் வேகத்தில் சுழலவிடுங்கள். அப்படியும் புகை குறையவில்லை என்றால் ஏர் பில்டர் அடைப்பு, டர்போ ஹோஸில் கசிவு, இன்ஜெக்டர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது இறக்கத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மிச்சமே கிடையாது. கியரில் இருந்தபடியே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய எஞ்சின்கள் டீசலை முழுவதும் நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்காக டீசல் செலவாகும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் அந்தக் கணவாயில் எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்பது இந்தச் சாலையில் ஓடும் எல்லோருக்கும் தெரியும். கியரில் இறங்குங்கள், புகை வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுங்கள்.

ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நின்று எதைக் கவனிக்க வேண்டும்?

எஞ்சின் சூடாக, வண்டி சமதளத்தில் இருக்க வேண்டும். குளிர்ந்த ஆயிலை வடித்தால் கரி அடியிலேயே தங்கும். ட்ரெயின் நட்டின் வாஷர் புதிதாக இருக்கட்டும். பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் ரிங் எஞ்சின் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ரிங் சேர்ந்து உட்கார்ந்தால் நெடுஞ்சாலையில் போகும்போது பிரஷரில் பிய்த்துக்கொண்டு மொத்த ஆயிலும் கொட்டிவிடும். புது ரிங்கில் ஆயில் தடவி, கையால் இறுக்கினால் போதும். ஸ்டார்ட் செய்தபின் பிரஷர் ஏறும்வரை ரேஸ் கொடுக்கக் கூடாது. அணைத்து 10 நிமிடம் கழித்து மட்டம் பார்க்க வேண்டும். மேல் கோட்டுக்கு மேலே ஊற்றினால் சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கும்.

பழைய பில்டரை உடனே எறியவிடாதீர்கள். வெட்டி, மடிப்பை விரித்துப் பார்க்கும் பழக்கம் நல்லது.

வடித்த ஆயிலை என்ன செய்வது? ஷட்டரிங் பலகைக்கும் கரையானுக்கும் கேட்டு வாங்கிப் போகிறார்களே.

கொடுக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய எஞ்சின் ஆயில் அபாயகரக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். எரிந்த எரிபொருளிலிருந்து வரும் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் தேய்ந்த உலோகமும் அதில் இருக்கின்றன. வெறுங்கையோடு ஆயில் மாற்றும் பட்டறைப் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது, ஒரு ஜோடி கையுறை பெரிய செலவில்லை. மண்ணில் கொட்டினால் அது கிணற்றுக்கும் ஏரிக்கும் போகும். குடிநீருக்கு ஏற்கெனவே ஃபுளோரைடோடு போராடும் மாவட்டங்கள் இவை. மூடி போட்ட டிரம்மில், தண்ணீரோ கூலன்ட்டோ கலக்காமல் சேர்த்துவைத்தால் மறுசுழற்சியாளர் பணம் கொடுத்தே எடுத்துக்கொள்வார்.

அதேபோல, காலிக் கேனையும் மூடியோடு முழுசாக எடைக்குப் போடாதீர்கள். ஓட்டை போட்டுக் கொடுங்கள். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு அந்தக் கேன்கள்தான் வேண்டும்.

பழைய லாரி வாங்கப் போகிறேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் தேன் மாதிரி பளிச்சென்று இருக்கிறது. நல்ல வண்டிதானே?

அன்று காலையில் மாற்றிய ஆயிலாக இருக்கலாம். ஓடிய டீசல் லாரியில் அந்த நிறம் நிற்காது. அதை லேப்புக்கு அனுப்பினாலும் பயன் குறைவு, புது ஆயிலில் பழைய தேய்மானம் தெரியாது. எஞ்சினை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் எவ்வளவு அடிக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். ஏர் பில்டர் ஹோஸுக்குள் விரல் விடுங்கள். கடைசியாக மாற்றிய ஆயில் பில்டர் எங்கே என்று கேளுங்கள். கிடைத்தால் அங்கேயே வெட்டிப் பார்க்கலாம். மடிப்புகளில் உலோகம் மின்னினால், விலை பேசுவதற்கு முன் சம்ப்பைக் கழற்றி பேரிங்கைக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.